மாப்பிள்ளையோட அம்மா எங்கே?

சாய்ஷியாவின் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது ஒரே ஒரு வார்த்தைதான்: பாட்டி.

தெருவில் போகிற எவளாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லிவிட்டு மறந்திருப்பாள். சொன்னவள் வரப்போகிற மருமகளைப் பெற்ற தாய். சொன்ன இடம், கல்யாணம் பேச இரு வீட்டாரும் முதன்முதலாகக் கூடிய சியான் நகரத்து உணவகம். அங்கே போய் நறுக்கென்று எதைச் சொல்வது?

மகன் தாவ் சியானில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்க்கும் நிங்கை அவனுக்குப் பிடித்துப்போயிற்று, அவளுக்கும் இவனை. நிங் தெற்கே ஹாங்சோக்காரி. அப்பா இல்லை; அம்மா ஒற்றை ஆளாக நின்று ஆளாக்கியவள். அந்த அம்மா உணவக வாசலில் காரைவிட்டு இறங்கியபோதே சாய்ஷியாவின் கண் அவள் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. உரித்த முட்டை மாதிரி முகம். ஒரு புள்ளி கிடையாது, ஒரு கோடு கிடையாது. இவளைவிட அவள் மூத்தவள் என்று தாவ் சொல்லியிருந்தான். பையன் ஏதோ கணக்குத் தெரியாமல் உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

நிங்கின் அம்மா உள்ளே வந்ததும் சாய்ஷியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அன்பாகத்தான் பிடித்தாள், அதில் குறை சொல்வதற்கில்லை. மேசையின் தலைமாட்டு நாற்காலிவரை கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனாள்.

"வாங்க பாட்டி, பெரியவங்க நீங்க இங்க உக்காருங்க. தாவ், உங்கம்மா எங்கப்பா? பின்னால வர்றாங்களா?"

நிங்கின் முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது.

"அம்மா! இவங்கதான் தாவோட அம்மா!"

"ஐயோ!" என்று அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னிப்பு கேட்டாள், மறுபடி கேட்டாள், தேநீர் ஊற்றிக் கொடுத்துக் கேட்டாள். எல்லோரும் சிரித்து மழுப்பினார்கள். சாய்ஷியாதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள். பக்கத்தில் கணவன் ஃபூச்சாங் உட்கார்ந்திருந்தான். பொக்கையாகப் போன முன்பல்லும் ஏறு நெற்றியுமாக இருக்கும் அவனைப் பார்த்து யாருக்கும் தாத்தா என்று சொல்லத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. போதாக்குறைக்கு அந்த அம்மாள் சாப்பாட்டு அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "நீயே படிச்சுச் சொல்லும்மா" என்று மகளிடம் நீட்டிவிட்டாள். பட்டணத்துப் பவிசு என்று சாய்ஷியா மனதுக்குள் முகத்தை ஒரு திருப்பு திருப்பினாள்.

கை கழுவப் போன இடத்தில் பெரிய கண்ணாடி. தலைக்கு மேல் பளீரென்று விளக்கு. அப்படியொரு வெளிச்சத்தில் அவள் தன் முகத்தை அதுவரை பார்த்ததில்லை. வீட்டுக் கண்ணாடி அடுக்களைச் சன்னலோரம் தொங்குவது; அதற்கு அத்தனை துணிச்சல் கிடையாது. இரண்டு கன்னத்திலும் மங்கு. இடது பக்கம் அவரை விதை அளவுக்கு ஒன்று, அதைச் சுற்றி அதன் பிள்ளை குட்டிகள். வலது பக்கம் தேநீரைச் சிந்திவிட்டுத் துடைக்காமல் விட்டது போல ஒரு திட்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆப்பிள் தோட்டத்து வெயில் அவள் முகத்தில் எழுதியது அத்தனையும் அங்கே இருந்தது. சரிதான், பாட்டி என்றுதான் சொல்வாள், வேறு எப்படிச் சொல்வாள் என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

அப்போதே முடிவு செய்துவிட்டாள். ஆப்பிள் அறுவடை முடிந்ததும் கல்யாணம். அன்றைக்கு அந்த அம்மாள் வாசலில் வந்து இறங்கும்போது, யாரையும் கேட்காமல், ஒரே பார்வையில், இவள்தான் மாப்பிள்ளையைப் பெற்றவள் என்று கண்டுபிடித்தாக வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஊர் திரும்பிய பிறகு இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் லான்யிங்கிடம் எதை மறைக்க முடியும்? லான்யிங் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். வெயிலும் பூச்சியும் படாமலிருக்கப் பிஞ்சு ஆப்பிள்களுக்குக் காகிதப் பை மாட்டும் பருவத்தில், ஏணியில் ஒருத்தியும் கீழே ஒருத்தியுமாக வேலை செய்துகொண்டிருந்தபோது விஷயம் வெளியே வந்துவிட்டது. லான்யிங் இடுப்பில் செருகியிருந்த பைக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏணியிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பாட்டியா! எம்மாடி! நேரா பாட்டின்னேவா சொன்னா?"

"சிரி சிரி. விழுந்து வையி, உன்னையும் பாட்டின்னு சொல்லித்தான் தூக்குவாங்க."

"இந்தா, ஒரு வழி இருக்கு." லான்யிங் ஒரு காகிதப் பையை ஊதி விரித்தாள். "ஆப்பிளுக்கு மாட்டுறமே, உனக்கும் ஒண்ணு மாட்டி விட்டுர்றேன். கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தி உருவிட்டா வெளேர்னு வந்துருவே."

"நாயே, இறங்கு கீழே."

லான்யிங் இறங்கினாள். பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, இந்த முறை கேலியில்லாமல் சொன்னாள்.

"என் தங்கச்சி மக பிள்ளை பெத்தப்ப கன்னமெல்லாம் மங்கு விழுந்துச்சுல்ல? வைட்டமின் ஈ மாத்திரை இருக்குல்லடி, தேன் நிறத்துல, உள்ள எண்ணெய் இருக்கும், அதை ஊசியால குத்திப் பிழிஞ்சு தடவினா. இப்ப பார்த்தியா அவளை?"

"போயிருச்சா?"

"போயிருச்சுன்னுதான் சொல்றா. அவ முகத்துல பவுடர் பூசாம நான் பார்த்ததில்லை."

மறுநாளே சாய்ஷியா சந்தைத் தெரு மருந்துக்கடையில் நின்றாள். கடையிலிருந்த பெண் நல்ல மாதிரி. குப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதால மங்கு போயிரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன் அத்தை. தோல் கொஞ்சம் மெத்துனு ஆகும். சிலருக்கு நிறம் லேசா குறையும், சிலருக்கு ஒண்ணுமே ஆகாது, சிலருக்கு அரிக்கவும் செய்யும். முதல்ல கையில தடவிப் பாருங்க. சாயங்காலம் மூஞ்சி கழுவிட்டுப் போடுங்க. பகல்ல வெயில் படாம பார்த்துக்குங்க, அதுதான் முக்கியம்" என்றாள்.

ஆசை பிடித்தவர்களுக்குக் காது பாதிதான் கேட்கும். சாய்ஷியாவுக்குக் கேட்டது 'போடுங்க' என்பது மட்டும்.

அன்று சாயங்காலம் பஞ்சுப் போர்வை தைக்கும் ஊசியை எடுத்து முதல் மாத்திரையைக் குத்தினாள். விரலுக்கு அடங்காமல் அது வழுக்கியது. இன்னும் அழுத்தினாள். எண்ணெய் பீறிட்டுக்கொண்டு போய், எதிரே நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்த ஃபூச்சாங்கின் புருவத்தில் விழுந்தது.

"என்ன தாவ் அம்மா, என் கண்ணைப் பிடுங்கவா பார்க்குறே?"

"வாயை மூடிட்டு அசையாம இரு." அவன் புருவத்திலிருந்தே வழித்தெடுத்துத் தன் கன்னத்தில் தடவிக்கொண்டாள்.

அவன் கிண்ணத்தை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். விவரம் கேட்டான். சொன்னாள். சிரிக்கப் போகிறான் என்று ஊசியோடு தயாராகத்தான் இருந்தாள். அவன் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "குடு இங்க, உனக்குக் குத்தத் தெரியலே" என்று ஊசியை வாங்கிக்கொண்டான். ஆப்பிள் மரத்துக்கு ஒட்டுக் கட்டிப் பழகிய விரல்கள். மாத்திரையின் நுனியில் ஒரு சின்னத் துளை, ஒரு சொட்டு, அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வேலை அவனுடையதாகிவிட்டது. சாயங்காலம் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் அவள் முகத்தை நீட்டுவாள், அவன் குத்துவான். மிச்சம் ஒட்டிய விரலைத் தன் வழுக்கையில் தேய்த்துக்கொள்வான்.

"அதுக்கெல்லாம் முளைக்காது."

"முளைச்சா உனக்கென்ன நஷ்டம்?"

இதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. சாயங்காலம் போடுவதே இத்தனை நல்லது என்றால் காலையிலும் போட்டால் இன்னும் சீக்கிரம் போகுமே என்று அவளுக்கு ஒரு கணக்கு. ஒருநாள் விடிந்ததும் தாராளமாக எண்ணெய் தடவிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். அந்த மேட்டு நிலத்து மஞ்சள் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்று லேசாகத் திரும்பிப் படுத்தாலே கிளம்பிவிடும். அன்றைக்கென்று நன்றாகவே திரும்பியது. மதியம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து வாசலில் கட்டியிருந்த நாய் குரைத்தது. முகம் பூராவும் மண் அப்பிச் சுடாத பொம்மை மாதிரி நின்றாள். கண் மட்டும் இரண்டு ஓட்டை. லான்யிங் அதைத் தன் செல்பேசியில் படம் பிடித்து ஊர்ப் பெண்கள் குழுவில் போட்டுவிட்டாள். ஒரு வாரம் போகிற வருகிறவர்கள் எல்லாம் வாசலில் நின்று நலம் விசாரித்தார்கள்.

அதற்குப் பிறகு மருந்துக்கடைப் பெண் சொன்னதன் மீதிப் பாதியும் காதில் ஏறியது. அகல விளிம்புத் தொப்பி, அதன் மேல் துணி, முகத்தை மூடி இன்னொரு துணி என்று ஆளே அடையாளம் தெரியாமல்தான் தோட்டத்துக்குப் போனாள். வெந்து வேர்த்தாலும் அவிழ்க்க மாட்டாள். கோடை முழுவதும் அப்படியே போயிற்று. இடது கன்னத்து அவரை விதை கொஞ்சம் வெளுத்தது போல இருந்தது. எண்ணெயா, தொப்பியா, கண்ணுக்கு இருந்த ஆசையா, யார் கண்டது? அவள் எண்ணெய் என்றே வைத்துக்கொண்டாள்.

இலையுதிர் காலம் பிறந்தது. பைகளை உருவியாயிற்று. வெளிறிப்போய்த் தொங்கும் ஆப்பிள்களுக்கு அடிப்பக்கமும் சிவப்பு ஏறுவதற்காக மரத்தடி பூராவும் வெள்ளித் தாள் விரிப்பார்கள். வெயில் தாளில் பட்டுக் கீழேயிருந்து மேலே அடிக்கும். அதன் நடுவே நாள் முழுக்கக் குனிந்து நின்று, பழத்தை மறைக்கிற இலைகளைக் கிள்ளுகிறவளுக்கு, தொப்பி மேலேயிருந்து வருகிற வெயிலைத்தான் தடுக்கும் என்ற யோசனை வரவேயில்லை. புழுக்கம் தாங்காமல் முகத்துணியையும் கழுத்துக்கு இறக்கி விட்டிருந்தாள். பழங்கள் அடிவயிறு சிவந்து அழகாகப் பழுத்தன. சாய்ஷியாவின் முகவாயும் பழுத்தது.

ஃபூச்சாங் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஆப்பிளைத் தரம் பிரிக்கிறவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"சுத்தி ஒரே நிறம். முதல் தரம். ஏற்றுமதிக்கே அனுப்பலாம்."

இதற்கு மட்டும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பு மேடையில் உட்கார்ந்து முந்நூறு ஆப்பிளைக் காற்றுக்குப் பறிகொடுத்தவள் போல அழுதாள். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வழக்கத்தைவிட ஒரு மாத்திரை கூடுதலாகக் குத்தி, தானே அவள் முகவாயில் தடவிவிட்டான்.

"இங்க பாரு, நீ எப்படி இருந்தாலும் தாவுக்கு அம்மா நீதானே?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியணும்."

அடுத்த தலைவலி அதைவிடப் பெரிது. அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அப்பா அம்மாவை ஊர் சும்மா விடாது. மணப்பெண் வந்து இறங்குகிற நேரத்தில் இரண்டு பேரையும் பிடித்து முகத்தில் சட்டிக் கரியை அப்பி, மேலே சிவப்புச் சாயம் வைத்து, காதில் காய்ந்த மிளகாய்ச் சரம் மாட்டி, காகிதத் தொப்பி கவிழ்த்து, தள்ளுவண்டியில் ஊர்வலம் விடுவார்கள். எவ்வளவு கரி பூசுகிறார்களோ அவ்வளவு வேண்டப்பட்ட குடும்பம் என்று பொருள். லான்யிங்கின் மகன் கல்யாணத்தில் அவள் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரி பூசியது வேறு யாருமில்லை, சாய்ஷியாதான். லான்யிங்கின் காதுக்குள்ளிருந்து ஒரு மாதம் கரி வந்துகொண்டிருந்தது.

ஆறு மாதம் எண்ணெய் தடவிக் காப்பாற்றிய முகம். அதில் கரியா? சாய்ஷியா நேராக லான்யிங் வீட்டுக்குப் போனாள்.

"என் மூஞ்சில யாரும் கை வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

லான்யிங் மாவு பிசைவதை நிறுத்தினாள். "என்னடி சொல்றே? ரெண்டு வருஷமா இதுக்குத்தானடி காத்துட்டு இருக்கேன். பெரிய சட்டியோட அடியைச் சுரண்டவே விடாம வச்சிருக்கேன், தெரியுமா?"

"வேணும்னா அவர் மூஞ்சில பூசிக்குங்க. என்னை விட்டுருங்க."

"கல்யாண வீட்டுல மாமியார் மூஞ்சி வெளுப்பா இருந்தா என்ன பேசுவாங்க? இந்த வீட்டுக்கு ஆள் இல்லை, வேண்டியவங்க இல்லைன்னு பேசுவாங்க."

"பேசிட்டுப் போறாங்க. நான் அந்தம்மா முன்னாடி ஒரு தடவை ஒழுங்கா நிக்கணும்."

லான்யிங் மாவை ஓங்கி ஒரு அடி அடித்து, "சரி, சத்தியம்" என்றாள். அப்படிச் சொன்ன பிறகு தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

கல்யாண நாள் நல்ல வெயிலோடு விடிந்தது. முற்றம் முழுக்கச் சிவப்புத் துணிப் பந்தல். சுவோனாக் குழல் ஊதுகிறவர்கள் கன்னம் உப்ப ஊதினார்கள். நம்முடைய காது நம்மிடம் இல்லை. சாய்ஷியா சிவப்புப் பட்டு அங்கி போட்டுக்கொண்டு, முடியைச் சுருட்டி விட்டு, கன்னத்தில் மெல்லிசாகப் பவுடர் போட்டுக்கொண்டாள். அடுக்களைக் கண்ணாடியை வெயிலுக்குத் தூக்கிவந்து தைரியமாகப் பார்த்தாள். அவரை விதை இருந்தது, ஆனால் உற்றுப் பார்த்தால்தான் இருந்தது. தேநீர்த் திட்டு வெளிறியிருந்தது. முகவாய்ச் சிவப்பு எப்போதோ இறங்கிவிட்டது. அவளுக்குத் தன் முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்?

முற்றத்துக்கு வந்தாள். ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து, "அழகா இருக்கீங்க அண்ணி" என்றார்கள். சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். யாரும் இடுப்பைக் கிள்ளவில்லை, யாரும் கேலி பேசவில்லை. எதிர்ப்பக்கம் ஃபூச்சாங்கை நாலு பேர் அமுக்கிப் பிடித்து, கண் மட்டும் தெரிகிற மாதிரி கரி பூசி, காதில் மிளகாய்ச் சரம் மாட்டி, தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். பொக்கை வாயைத் திறந்து அவன் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! வண்டியில் அவனுக்குப் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. சொந்த மகன் கல்யாணத்தில், வெளியூரிலிருந்து பரிசு கொடுக்க வந்தவள் மாதிரி அவள் ஓரமாக நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் அங்கியின் மடிப்பை நீவிக்கொண்டாள்.

அப்போதுதான் கார்கள் வந்து நின்றன. தாவும் நிங்கும் இறங்கினார்கள். வெடிச்சத்தம், ஆரவாரம், இளவட்டங்கள் இரண்டு பேரையும் மொய்த்துக்கொண்டார்கள். பின்னால் வந்த காரிலிருந்து நிங்கின் அம்மா இறங்கினாள். அதே உரித்த முட்டை முகம். சாய்ஷியா மடிப்பு நீவுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். இதோ, வருகிறாள். பார்க்கிறாள். நேராக என்னிடம்தான் வருகிறாள்.

நிங்கின் அம்மா அருகில் வந்து முகம் மலர்ந்தாள். சுவோனா சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"நீங்க மாப்பிள்ளைக்கு அத்தை முறையா? இல்ல, சித்தியா? எவ்வளவு லட்சணமா இருக்கீங்க! கொஞ்சம் உதவி பண்ணுங்களேன், மாப்பிள்ளையோட அம்மா எங்க இருக்காங்க? எவ்வளவு பார்த்தும் கண்டுபிடிக்க முடியலே."

நிங்கின் அம்மா இன்னும் நெருங்கி வந்து, ரகசியம் சொல்கிறவள் போலக் காதோடு சொன்னாள். "எனக்குக் கண் சுத்தமா தெரியாதுங்க. கண்ணாடி போட்டா மூக்குல தழும்பு விழுதேன்னு விசேஷத்துக்கெல்லாம் போடுறதே இல்லை. அந்த வீம்புனாலதான் போன தடவை அவங்களை நான் பாட்டின்னு கூப்பிட்டுத் தொலைச்சேன். யாரோ பெரியவங்க நிக்கிறாங்கன்னு தெரிஞ்சுதே ஒழிய மூஞ்சியே தெரியலே. ரயில்ல ஹாங்சோ போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு அழுகை. நிங் என்னோட ஒரு வாரம் பேசலே. அப்புறம் அவதான் சொன்னா, 'அம்மா, அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையோட அம்மா மூஞ்சில கரி பூசிருப்பாங்க. கூட்டத்துலயே ரொம்பக் கறுப்பான மூஞ்சி எதுவோ அதுக்கிட்ட போ, உனக்குக்கூடத் தப்பாது'ன்னு. அதை நம்பித்தான் இப்பவும் கண்ணாடி போடாம வந்தேன். அப்பாவைப் பார்த்துட்டேன், வண்டியில இருக்கார். அம்மாவைத்தான் காணோம்."

கோடை முழுவதும் துணிக்குள் வெந்தது, புழுதி அப்பிய முகம், வெள்ளித் தாள், ஊசி, குப்பி குப்பியாக எண்ணெய் எல்லாம் சாய்ஷியாவின் கண் முன்னால் ஒரு சுற்று வந்து போயின. இந்த அம்மாள் அன்றைக்குத் தன் கன்னத்து மங்கைப் பார்க்கவேயில்லை. இன்றைக்கு மங்கு குறைந்ததையும் பார்க்கப்போவதில்லை. எரிச்சல் வருமென்று ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்புதான் பொங்கிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"இங்கேயே நில்லுங்க," என்றாள். "இதோ கூட்டிட்டு வரேன்."

அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே பெரிய அடுப்புகளில் கறி வெந்துகொண்டிருந்தது. லான்யிங் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"லான்யிங், உன் கை என்ன அழுகிப் போச்சா?"

லான்யிங் நிமிர்ந்தாள். "என்னது?"

"பூசு."

"எதை?"

"உன் தலையில பூசுற மல்லிகை எண்ணெயையா கேப்பாங்க? கரியைத்தான்! பெரிய சட்டியை எடு."

"நீதானடி வீடு தேடி வந்து சத்தியம் வாங்கினே! ஆறு மாசமா எண்ணெய் தேச்ச மூஞ்சிடி அது!"

"அந்தச் சத்தியத்தைத் தூக்கி அடுப்புல போடு. என் சம்பந்தி வெளியில என்னைத் தேடிட்டு இருக்கா. கறுப்பா இருந்தாத்தான் அவளுக்கு நான் தெரிவேன். நல்லா அப்பு, ஒரு பொட்டு இடம் விடாதே!"

லான்யிங்குக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. வந்த பிறகு அவள் போட்ட கூச்சலில் சுவோனாக்காரர்களே ஒரு மூச்சு விட்டுவிட்டு ஊதினார்கள். காய் நறுக்கியவள் கத்தியைப் போட்டாள், பாத்திரம் கழுவியவள் பாத்திரத்தைப் போட்டாள். ஒருத்தி பெரிய சட்டியைக் கவிழ்த்தாள். ஒருத்தி நல்லெண்ணெய் ஊற்றினாள். ஒருத்தி மிளகாய்ச் சரத்தை உத்தரத்திலிருந்து உருவினாள்.

"இது என் இடது காதுக்கு!" என்று லான்யிங் ஒரு கை அள்ளிப் பூசினாள். "இது வலது காதுக்கு! இது என்னை மாவு பிசையவிட்டுட்டு வந்து அதிகாரம் பண்ணினதுக்கு!"

"கண்ணுல போடாதடி பாவி!"

"வாயை மூடு, பல்லு கறுத்துரும்!"

லான்யிங் பூசிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். ஒருத்தி கையில் இருந்த சிவப்புச் சாயத்தால் இரண்டு கன்னத்திலும் பெரிய வட்டம் வரைந்தாள், அவரை விதை இருந்த இடத்திலும் தேநீர்த் திட்டு இருந்த இடத்திலும். காகிதத் தொப்பி ஏறியது. நாலு பேர் அவளை அலாக்காகத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்து, தள்ளுவண்டியில் ஃபூச்சாங்குக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டார்கள்.

முற்றம் இரண்டுபட்டது. தாவ் தன் அம்மாவைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஃபூச்சாங் திரும்பி, தன் கரி முகத்தால் அவள் கரி முகத்தை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன தாவ் அம்மா, அத்தனை மாத்திரையும் வீணா?"

"நீ குத்தினது ஒண்ணும் வீணாகலே. பேசாம வா."

பந்தலின் அந்தக் கோடியில் நிங்கின் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றிருந்தாள். கூட்டம் முழுவதும் அவளுக்குச் சிவப்பும் நீலமுமாகக் கலங்கித்தான் தெரிந்திருக்க வேண்டும். வண்டிப் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றாள். அவள் முகம் மெல்ல மெல்ல விரிவதைச் சாய்ஷியா அத்தனை தூரத்திலிருந்தும் பார்த்தாள்.

பிறகு நடக்க ஆரம்பித்தாள். ஒரு பெஞ்சில் கால் இடித்துக்கொண்டாள், நிற்கவில்லை. நிலக்கடலைத் தட்டு ஒன்றைத் தட்டிவிட்டாள், குனிந்து பார்க்கவில்லை. வழியில் யாரோ "இந்தப் பக்கம் வாங்க" என்று கை காட்டினார்கள், அதையும் கவனிக்கவில்லை. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வண்டிக்கு வந்து, சாய்ஷியாவின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தி! மாப்பிள்ளையோட அம்மா! இந்தத் தடவை சரியாப் பிடிச்சிட்டேனா?"

சாய்ஷியா வண்டியிலிருந்து குனிந்து அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். உரித்த முட்டையின் ஒரு பக்கம் முழுக்கக் கரியாயிற்று.

"பிடிச்சிட்டீங்க," என்றாள், அடுத்த ஊருக்குக் கேட்கிற குரலில். "நான்தான்! நான்தான் அவனைப் பெத்தவ!"